ஒரு ‘வந்தால்’ செய்த வேலை

தமிழ் பயிற்றுவிப்பவனுக்கு ஆங்கில நிபந்தனை வாக்கியத்தோடு என்ன வழக்கு என்று இம்மலரைப் புரட்டும் பெரியோர்கள் வினவக்கூடும். வழக்கு உண்டு. அதில் தோற்றவன் நான். தண்டம் செலுத்தியவன் என் தம்பி.

எங்கள் ஊர் குண்டடம். பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்த மானாவாரிப் பூமி. ‘மழை பெய்தால் சோளம் விதைப்போம்’ என்பது அங்கே இலக்கண எடுத்துக்காட்டு அன்று; ஆண்டுதோறும் வீட்டில் நடக்கும் பேச்சு. எங்கள் அத்தா வானத்தைப் பார்த்துச் சொல்லும் அவ்வாக்கியத்தில் ஐயமும் உண்டு, உறுதியும் உண்டு. மழை வருமா என்பது ஐயம். வந்துவிட்டால் விதைப்பது உறுதி. மழையை நம்பியிருக்க இயலாத என் தம்பி, ஊர்ப்பிள்ளைகள் பலரைப் போலத் திருப்பூருக்குச் சென்று, சில ஆண்டுகளில் சிறியதொரு பனியன் ஏற்றுமதித் தொழிலைத் தொடங்கினான்.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலாற்றைக் கெடுத்த சாயக்கழிவு குறித்த நெடிய வழக்கில் வந்த ஆணை அது. நொய்யலின் நிலை அறிந்தோர் அதனைக் குறைகூற மாட்டார். எனினும், துணியைச் சாயமேற்ற வெளியூர்களுக்கு அனுப்பிவிட்டு வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தோர் பலர். தம்பியும் ஆறாயிரம் பனியன்களுக்குரிய துணியை அவ்வாறு அனுப்பியிருந்தான். வெளிநாட்டுப் ‘பையர்’ நாள் கேட்டு மின்னஞ்சல் விடுத்தார்.

“அண்ணே, எம்.ஃபில். படிச்சவங்க நீங்க. நல்ல இங்கிலீஷ்ல ஒரு பதில் எழுதிக் கொடுங்க” என்றான்.

சொல்லவேண்டிய செய்தி எளியது: ‘புதன்கிழமை துணி வந்தால், பத்து நாளில் அனுப்பிவிடுவோம்.’ என் கண்ணோ ‘வந்தால்’ என்பதிலேயே நின்றது. பகுபதம் பிரித்துப் பழகிய கண் அல்லவா? உள்ளே இறந்தகால இடைநிலை இருக்கிறது; ஆகவே ஆங்கிலத்திலும் இறந்தகாலமே வேண்டும் என்று முடிவு கட்டினேன். ‘இஃப் தி கிளாத் கேம் ஆன் வெட்னஸ்டே, வீ வுட் ஷிப் இன் டென் டேஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘வில்’ என்பதைவிட ‘வுட்’ பணிவானது என்னும் எண்ணம் வேறு!

துணி வரும் என்னும் நம்பிக்கை இவர்களுக்கே இல்லை, நயமாகக் கைவிரிக்கிறார்கள் என்று அவர் கொண்டார். மறுநாளே ஆர்டரில் பாதியை வேறிடத்திற்கு மாற்றிவிட்டார். துணியோ சொன்ன புதன்கிழமை காலையிலேயே வந்திறங்கியது. மூவாயிரம் பனியனுக்குரிய துணி தம்பியின் கிடங்கில் நெடுநாள் கிடந்தது. அவன் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருக்கலாம்.

பிழை எங்கே என்பதை எங்கள் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் தேநீர் ஆறுவதற்குள் விளக்கினார். நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போது ‘இஃப்’ வரும் தொடரில் நிகழ்காலம். விளைவைச் சொல்லும் தொடரில் ‘வில்’. அத்தாவின் வாக்கியம் ‘இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் சோ’ என்றாகும். அதனையே ‘ரெயின்ட்’, ‘வுட்’ என மாற்றினால் காலம் மாறுவதில்லை, நம்பிக்கை மாறிவிடுகிறது. மழைக்கு வாய்ப்பு அரிது, பெய்தால் பார்க்கலாம் என்பவரின் பேச்சு அது. நம் மாணவர் பலர் எழுதும் ‘இஃப் இட் வில் ரெயின்’ வேறு வகைப் பிழை. மழை நாளைக்குத்தானே பெய்யப்போகிறது என்பது அவர்தம் நியாயம். ஆயின் ‘இஃப்’ தொடரில் அந்த ‘வில்’ வேண்டுவதில்லை. ‘இஃப் யூ வில் வெயிட்’ எனப் பிறர் இசைவை வேண்டும் இடத்தில் மட்டும் அது வரலாம்.

இதில் எனக்கு நாணம் தந்தது வேறொன்று. நன்னூலார் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை எதிர்காலத்திற்கு உரியதாக வைத்தார். ‘மழை பெய்யின்’ என்பது அவ்வாய்பாடு. இன்று நாம் வழங்கும் ‘பெய்தால்’ இறந்தகால வடிவை மேற்கொண்டிருப்பினும், பொருளால் இனி நிகழ்வதையே சுட்டுகிறது. வடிவம் வேறு, காலம் வேறு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுபவன் நான்தான்.

அருகிருந்த அரபுத் துறை நண்பர் சிரித்தார். நாள்தோறும் நாம் சொல்லும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதில் ‘ஷாஅ’ என்பதும் இறந்தகால வினைவடிவமே என்றார். ‘அல்லாஹ் நாடினால்’ என்று தமிழில் சொன்னாலும் ‘நாடினால்’ என்பதற்குள் இறந்தகால இடைநிலை ‘இன்’ நிற்கிறது. ஆங்கிலமோ ‘இஃப் காட் வில்ஸ்’ என நிகழ்காலத்தில் சொல்கிறது. (இங்குள்ள ‘வில்’ நாடுதல் என்னும் வினை; மேலே கண்ட துணைவினை அன்று. மாணவர் குழம்பற்க.) மூன்று மொழியிலும் வேண்டுவது நாளைக்கு உரியதே, உடுத்திய உடைதான் வேறு.

தம்பியின் மடல்களை இப்போது அவனே எழுதுகிறான். சென்ற மாதம் ஒன்றை அனுப்பிப் பார்க்கச் சொன்னான்: ‘இஃப் தி பட்டன்ஸ் அரைவ் ஆன் மண்டே, வீ வில் ஷிப் ஆன் ஃப்ரைடே.’ திருத்த ஒன்றுமில்லை, அனுப்பு என்றேன். “பட்டன் திங்கக்கிழமை வந்துருமாடா?” என்று கேட்டேன்.

“இன்ஷா அல்லாஹ், அண்ணே” என்றான்.