படகில் உறங்கியவர்

2020 மார்ச் 24ஆம் நாள் இரவு நாடு முடக்கப்பட்டது. எம் மூத்த மகன் லாரியோடு நாக்பூருக்கு அப்பால் நின்றுவிட்டான். நாமக்கல் சமவெளியில் லாரிக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் அநேகர். சாலையே எமக்குப் பழகிய அச்சம். ஆயினும் உணவகமெல்லாம் அடைபட்ட சாலையை நாம் கண்டதில்லை.

மூன்றாம் நாள் இரவு தொலைக்காட்சியில், மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நின்றார். புயலிடைப் படகில் ஆண்டவர் உறங்கிய நற்செய்திப் பகுதியைத் தியானித்தார். நமக்கோ ஆறுதல் வரவில்லை, கோபமே வந்தது. பிள்ளை பட்டினி கிடக்கையில் உமக்கு உறக்கமா என்று கேட்டுவிட்டோம். செபமாலையை வைத்துவிட்டுப் படுத்தோம். பிறகுதான் உறைத்தது: சீடர்களும் அவரை அப்படித்தான் கடிந்து எழுப்பினார்கள், அவர் படகை விட்டு இறங்கிப் போய்விடவில்லையே!

மறுநாள் மகன் பேசினான். சாலையோரத்து வீட்டுத் தாய் ஒருத்தி சப்பாத்தி கொடுத்தாளாம். மொழி தெரியாமல் "அம்மா" என்றானாம்.

அன்று மாலையே எம் ஊர்ச் சாலையில் நின்ற வடநாட்டு ஓட்டுநருக்குச் சோறு கொண்டுபோனோம். கோழியால் நோய் பரவுமென்ற வதந்தியில் விலை சரிந்து கிடந்த முட்டையில் இரண்டை அவித்து வைத்திருந்தோம். அவர் சைவமாம்; முட்டையை ஒதுக்கிவிட்டுச் சோற்றை உண்டார். பின் தம் தாயைக் கைப்பேசியில் அழைத்து எம்மிடம் தந்தார். அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருவரும் அழுதோம். எம் மகன் அப்போதும் வீடு திரும்பியிருக்கவில்லை.