வீணாகிற தண்ணீர் எங்கே போகிறது? - நெட்டுக்குப்பத்துக்கு ஒரு சைக்கிள் பயணம்

"இவ்ளோ தண்ணியும் கடல்ல போய் வீணாத்தானே கலக்குது?"

கொசஸ்தலை ஆற்றங்கரையில் நெல் வைக்கும் யாரும் மழைக்காலத்தில் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்பார்கள். தாமரைப்பாக்கம் அணைக்கட்டுப் பக்கம் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் அந்த விவசாயியும் அப்படித்தான். அவரோடு பள்ளியில் படித்த ஐந்து பேர், 'அந்த வீணாப்போற இடத்தைத்தான் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வருவோமே' என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம். ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்ப்செட் மெக்கானிக், உரக்கடைக்காரர், பால் சங்கச் செயலாளர், இன்னொரு விவசாயி... எல்லோருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. சம்பா அறுவடை முடிந்த மாசி மாத ஞாயிறு, விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துவிட்டார்கள்.

காரனோடை வரை உற்சாகத்துக்குக் குறைவில்லை. பம்ப்செட் மெக்கானிக்கும் உரக்கடைக்காரரும் பந்தயம்போல மிதித்து முன்னால் போய்விட்டார்கள். முழங்கால் வலியுள்ள ஆசிரியர் கண்ணுக்கே தெரியவில்லை. பாலத்தில் அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய பின்சக்கரம் பஞ்சர். உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். ஒட்டுப்போடும் சாமான் இருந்தது; காற்றடிக்கும் பம்ப்தான் இல்லை. அடுத்தவர் கொண்டுவருவார் என்று ஆறு பேருமே இருந்துவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் பம்ப் ரிப்பேர் பண்றவன்கிட்டயே ஒரு பம்ப் இல்லையேடா!" என்று ஆசிரியர் சொன்னதில் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம். அதன்பிறகு ஆசிரியரை முன்னால் விட்டு, அவர் வேகத்துக்கே மற்றவர்கள் மிதித்தார்கள். வள்ளூர் தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒற்றை வரிசையில் போனபோது, அந்த ஏற்பாட்டின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

அதற்கு முன்பே மீஞ்சூர் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றார்கள். அங்கிருந்த கிணற்று நீரை ஒரு வாய் குடித்த தாமரைப்பாக்கத்துக்காரர் அப்படியே துப்பிவிட்டார். அவ்வளவு உப்பு. இத்தனைக்கும் கடல் கண்ணில்கூடப் படவில்லை.

இந்தப் பகுதியின் கதை பழையது. 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுக்கப்பட்டது. விவசாயத்துக்கும் மோட்டார்கள் ஓடின. நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறைந்ததும், கடல்நீர் அந்த இடத்தைப் பிடித்தது. கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் அது உள்ளே வந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடி மண்ணுக்குள் இறங்கினால்தான் உப்பைப் பின்னுக்குத் தள்ள முடியும்.

தோட்டக்காரர் பரிசோதனைக்குத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். அதை எடுத்த முறையும் சரியானது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் கழுவி, பிறகு ஒரு லிட்டர் பிடித்தார். 'கிணறு உப்பாகிவிட்டது, என்ன பயிர் வைக்கலாம்?' என்று கேட்கும் வாசகர்கள் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். மின்கடத்துத்திறன் 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு அந்த நீர் சிரமம். நெல் என்றால் திருச்சி 1, திருச்சி 3 போன்ற உவரைத் தாங்கும் ரகங்களும், முன்னதாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுவதும் ஓரளவு கைகொடுக்கும். கடல்நீரின் அளவு ஏறக்குறைய 50. அது கலக்கக் கலக்க எந்த ரகமும் தாங்காது.

அத்திப்பட்டு புதுநகர் தாண்டி, முகத்துவாரப் பாலத்தைக் கடந்து நெட்டுக்குப்பம் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் ஆறு, பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம் தாமரைப்பாக்கத்துக்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "மழைக்காலத்துல எங்க ஊர்லேர்ந்து அவ்ளோ தண்ணி வருதே, எல்லாம் வீண்தானேண்ணா?"

மீனவர் நிமிர்ந்து பார்த்தார். "வீணா? இன்னாண்ணா இப்படிக் கேட்டுட்ட! ஐப்பசி, கார்த்திகைல அந்தத் தண்ணி வந்து மணலைத் தள்ளினாத்தான் எங்களுக்கு வாயே தொறக்கும். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலந்தாத்தான் எறா."

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரத்துக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். நெல்லுக்கு நாற்றங்கால்போல. ஆற்றில் நீர் வராமல் மணல் மூடினால் நாற்றங்கால் கதவு சாத்தியதாக அர்த்தம்.

அவர் ஒரு கொத்துச் சிப்பியையும் காட்டினார். 'காக்கா ஆழி' என்கிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஆற்றின் அடியில் பாய்போலப் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடிவிடுகிறது. "நம்ம பார்த்தீனியம்டா இது!" என்றார் உரக்கடைக்காரர். அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

தண்ணீரோடு வருவதெல்லாம் நல்லதும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக இங்கே பரவியது. படகு, வலை எல்லாம் கறுத்தன. மீனவர்களே படகில் போய் வாளியில் எண்ணெயை அள்ளினார்கள். அதைச் சொல்லும்போது அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பேச்சுதான் நின்று நின்று வந்தது.

"எங்க பக்கம் வயல்ல அடிக்கிற மருந்தும் இங்கதான் வரும், இல்லண்ணா?" என்று உரக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் இங்கதான் வரும்" என்றார் மீனவர்.

திரும்பும்போது யாருக்கும் மிதிக்கத் தெம்பில்லை. ஒரு குட்டியானை பிடித்து ஆறு சைக்கிளையும் ஏற்றினார்கள். தாமரைப்பாக்கத்துக்காரர் மடியில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று மீஞ்சூர் கிணற்று நீர். இன்னொன்று முகத்துவாரத்தில் பிடித்தது. அதை எதற்காகப் பிடித்தார் என்று மற்றவர்கள் கேட்கவில்லை. காரனோடை பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் கொஞ்ச நேரம் வறண்ட ஆற்றையே பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.