அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கு, அணைச்சிராத!

மக்களே, போன வாரம் ப்ராஜெக்ட் ஃபைல் வாங்குவதற்காக நம்ம வகுப்பில் நாலைந்து பேருடைய லேப்டாப்பைத் தொட வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் டாஸ்க்பாரில் அந்தக் கேடயப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. "என்னடா இது?" என்று கேட்டால், "அது எப்பவுமே அப்படித்தான்" என்று பதில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் கொஞ்சம் வெட்கக்கேடான கதை. சொல்லித் தொலைக்கிறேன்.

அப்பா பஜாரில் ஆறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அவருடைய டாலி, என் அசைன்மென்ட், தம்பியின் கேம் எல்லாம் அதில்தான். நெட் என்பது அப்பா போனின் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. விண்டோஸ் அப்டேட் ஓட ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் காலி. அதனால் நான் ரொம்பப் புத்திசாலித்தனமாக அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவைத்தேன். டேட்டா மிச்சமானது. கூடவே விண்டோஸ் அப்டேட்டும், டிஃபெண்டருக்கு வரவேண்டிய புதிய வைரஸ் பட்டியலும் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. அதற்கு முன்னால் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தது. ஒரு வருஷம் முடிந்ததும் "புதுப்பிக்கவும், புதுப்பிக்கவும்" என்று தினமும் கத்திக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் அதையும் தூக்கியிருந்தேன்.

2023 ஜூலை. கல்ச்சுரல்ஸுக்கு வீடியோ எடிட் பண்ண ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் நம்மிடம் ஏது? கிராக் தேடி ஒரு ஜிப் ஃபைலை இறக்கினேன். கூடவே வந்த குறிப்பின் முதல் வரி, முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும் என்றது. "கிராக்னாலே ஆன்டிவைரஸ் தப்பாத்தான் சொல்லும், கண்டுக்காத" என்று சீனியர்கள் சொல்லிக் கேட்டிருந்தேன். அணைத்தேன். மற்ற புரோகிராம்கள் டிஃபெண்டரை அணைத்துவிடாமல் தடுக்க அதில் 'டேம்பர் புரொடெக்ஷன்' என்று ஒன்று உண்டு. வீட்டுக்காரனே எழுந்துவந்து கதவைத் திறந்துவிட்டால் அது பாவம் என்ன செய்யும்?

ஓடவிட்ட கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஜன்னல் ஒன்று வந்தது. சதவீதம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மாசக்கணக்கில் அப்டேட்டே போடாதவனுக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வேறு. தம்பி கேம் விளையாட வந்து ஸ்விட்சில் கை வைத்தான். "டேய், அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கு, அணைச்சிராத!" என்று நான்தான் அவனைத் தடுத்தேன். தடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த ஜன்னல் போலி. உள்ளே ஃபைல் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும்போது கம்ப்யூட்டர் இழுக்குமே, அதற்கு ஒரு சாக்கு காட்டத்தான் அது.

திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் நாலு எழுத்து வால். ஃபோல்டருக்கு ஒரு கடிதம். 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடி மாதிரி! 490 டாலர் என்றால் அன்றைக்கு ஏறக்குறைய 40,000 ரூபாய். தேடிப் பார்த்ததில் இது ஸ்டாப்-டிஜேவு என்கிற கூட்டத்தைச் சேர்ந்தது, கிராக் வழியாகவே ஊர் ஊராய்ப் பரவியது என்று தெரிந்தது. தேடியதும் போனில்தான். கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் தளம் எதுவும் திறக்காதபடி ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் அது மாற்றிவைத்திருந்தது. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இதற்கு ஒரு இலவசச் சாவிக் கருவி வெளியிட்டது. பழைய வகைகளுக்கும், சில புதிய வகைகளில் குறிப்பிட்ட விதமாகப் பூட்டியவற்றுக்கும் மட்டும்தான் அது உதவும். எங்களுடையது அதில் வரவில்லை.

இதில் ஸ்பைவேர் எங்கே வந்தது என்கிறீர்களா? இந்த வகை பெரும்பாலும் தனியாக வராது. ப்ரௌசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளைத் திருடுகிற இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வரும். பூட்டியது கண்ணுக்குத் தெரிகிறது, திருடியது தெரிவதில்லை. அன்று ராத்திரியே அம்மா போனில் உட்கார்ந்து பேங்க், மெயில், ஆறு கடைகளின் ஜி.எஸ்.டி. போர்ட்டல் என்று எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

அப்பா திட்டவில்லை. "எந்தத் தேதி பேக்கப் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். பீரோவில் இருந்த பென் டிரைவில் ஜூன் 24 வரை இருந்தது. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி போட வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், போக வரிக்கு 18 சதவீதம் வட்டி. நல்லவேளை, 11-ஆம் தேதியே ஜி.எஸ்.டி.ஆர்-1 போட்டிருந்ததால் விற்பனை விவரம் போர்ட்டலில் கிடந்தது. கொள்முதலும் செலவும்தான் மிச்சம். கம்ப்யூட்டரை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். அம்மா பில்லை வாசிக்க, நான் அடிக்க, அப்பா சரிபார்க்க, நாலு ராத்திரி. ஒரு கடையின் பில் கட்டை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தார். அதைத் திரும்ப வாங்கப் போனபோது முதலாளியிடம் "கம்ப்யூட்டர் ரிப்பேர்ண்ணே" என்றார். பத்து பைசா வித்தியாசத்துக்கு ராத்திரி முழுக்க உட்காருகிற மனுஷன் என்னால் ஒரு பொய் சொன்னார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். 19-ஆம் தேதி சாயங்காலம் கடைசி ரிட்டர்ன் போனது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். ஆன்டிவைரஸை நாம் ஃபேன், மிக்ஸி மாதிரி ஒரு சொத்தாக நினைக்கிறோம், ஒருமுறை வாங்கினால் கிடக்கும் என்று. அது கீரைக்கட்டு. வைரஸ் பட்டியல் ஒரு நாளைக்குப் பல தடவை மாறுகிறது. போன மாசப் பட்டியல் இன்றைக்குப் பிறந்ததைக் கண்டுபிடிக்கத் திணறும். அதனால் காலாவதியான காசு ஆன்டிவைரஸைவிட உயிரோடு இருக்கும் இலவச டிஃபெண்டர் எவ்வளவோ மேல். 2004-இல் மைக்ரோசாஃப்ட் ஜெயன்ட் என்ற கம்பெனியை வாங்கி, வெறும் ஸ்பைவேர் தடுப்பாக ஆரம்பித்த சரக்கு அது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் முழு ஆன்டிவைரஸ் ஆனது. வீட்டுக்கு அது போதும் என்பது என் கட்சி. போட்டுவிட்டால் மட்டும் போதாது, 'விண்டோஸ் செக்யூரிட்டி'க்குள் போய்க் கடைசியாக எந்தத் தேதியில் பட்டியல் வந்தது என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட் ஆசாமிகள் முதலில் அந்த மீட்டர்டு குறியைப் பாருங்கள்.

"அப்டேட்டே ஆபத்துடா, 2024 ஜூலை 19 மறந்துபோச்சா?" என்று என் பெஞ்ச்மேட் வாதாடுவான். கிரவுட்ஸ்ட்ரைக்கின் தப்பான அப்டேட்டால் 85 லட்சம் கம்ப்யூட்டர் படுத்தது உண்மைதான். ஆனால் அது பெரிய நிறுவனங்கள் வாங்குகிற சரக்கு, நம் வீட்டில் கிடையாது. மறுபக்கத்தையும் பார்க்கணும். 2017 மே 12-இல் வானாக்ரை உலகத்தையே ஆட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் அதே வருஷம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாசம் போடாமல் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

எங்கள் பழைய டப்பாவில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதலாக ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் தரும் திட்டத்தில் பதிந்துவைத்தேன். அடுத்த கம்ப்யூட்டருக்கு அப்பா தனியாக ஒரு உண்டியல் போட்டிருக்கிறார். டாலிக்கு இப்போது இரண்டு பென் டிரைவ், ஒன்று விட்டு ஒன்று. வேலை முடிந்ததும் கழற்றி பீரோவுக்குள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் டாலியைத் திறப்பதற்கு முன்னால் அப்பா ஹாலிலிருந்து குரல் கொடுப்பார், "பட்டியல் என்ன தேதிப்பா?" நான் எழுந்துபோய்ப் பார்த்துத் தேதியைச் சொன்ன பிறகுதான் மூக்குக்கண்ணாடியை எடுப்பார்.