கடிக்குமா என்று கேட்பவர்களிடம்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலை ஆறு மணிக்கு ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். பத்தடிக்கு ஒருவர் "கடிக்குமா?" என்பார். கேள்வி முடிவதற்குள் கை நாயின் தலைக்கு மேல் வந்திருக்கும். கடிக்காது என்றால் அது அனுமதி. கடிக்கும் என்றால், "பின்ன எதுக்கு வெளியில கூட்டிட்டு வர்றீங்க?" எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓர் அக்கா இதற்கு என்னதான் பதில் சொல்கிறார் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் கிளம்பினேன். வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கோபப்படாமல் 'முடியாது' சொல்லத் தெரிந்தவர்.

அவருடைய முத்து ஒரு சிப்பிப்பாறை. தென் மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனம். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால், கூரிய முகம். வீட்டுக்காரர்களோடு ஒட்டிக்கொள்ளும், வெளியாள் என்றால் ஒதுங்கி நிற்கும். கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், பயந்து பின்னால் நகர்ந்தால் சாதாரணக் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு போய்விடும். அதனால் இழுத்தால் இறுகும் அகலப் பட்டை ஒன்று, உடம்பைச் சுற்றி ஹார்னஸ் ஒன்று. கயிறு ஆறடிதான். இழுக்க இழுக்க நீளும் கயிற்றைக் கூட்டத்தில் பயன்படுத்துகிறவர்களைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது.

கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே முதல் ஆள் வந்தார். (1930இல், மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க்காரர் அவர், அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ.) கான்வாஸ் ஷூ போட்ட பெரியவர். "கடிக்குமா மேடம்?"

"தெரியாதவங்க தொட்டா அவனுக்குப் பிடிக்காது சார். குட் மார்னிங்."

அவ்வளவுதான். சொல்லும்போதே அக்கா நாயை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றிக்கொண்டு, தான் நடுவில் வந்துவிட்டார். நடை நிற்கவில்லை. பெரியவரும் பதிலுக்கு குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போனார். "நின்னு பதில் சொன்னா தொடலாம்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க" என்றார் அக்கா. கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பது எனக்கு நாலடி தள்ளித்தான் உறைத்தது.

கல்லூரி மாணவிகள் மூவர் கொஞ்சம் தூரத்திலேயே நின்று, "ஆன்ட்டி, தொடலாமா?" என்றார்கள். இப்படிக் கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்களாம். அக்கா நின்றார். "ஒருத்தர் மட்டும் வாங்க. நேரா வராம பக்கவாட்டுல நில்லுங்க. கையைக் கீழ விடுங்க, அவனா வந்து மோந்து பார்க்கட்டும்." முத்து வந்தான், மோந்தான். "தலையில வேண்டாம்மா, நெஞ்சுப் பக்கம் தடவுங்க." மூன்று விநாடி தடவச் சொல்லிவிட்டு, கையை எடுக்கச் சொன்னார். இன்னும் வேண்டுமென்றால் நாயே வந்து சாயும். முத்து சாயவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பி, நாக்கால் மூக்கை ஒருமுறை நக்கினான்.

"போதும்மா. போகலாம்கிறான்."

"வாலாட்டுதே ஆன்ட்டி?"

அந்தப் பெண்ணை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வால் ஆடினால் நாய் சந்தோஷமாக இருக்கிறது என்றுதான் நமக்குச் சிறுவயதிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். உடம்பு இளகி, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் சரி. உடம்பு விறைத்து வால் நுனி மட்டும் துடித்தால் கதை வேறு. பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாமே "விட்டுவிடு" என்கிற விண்ணப்பம். அதற்கும் மேலே போனால் உறுமல். உறுமிய நாயை அடித்து அடக்குகிறவர்கள், அதற்கடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்க வழி செய்கிறார்கள் என்பது அக்காவின் கட்சி. நாய்ப் பயிற்சியாளர்கள் சொல்வதும் அதுதான்.

வேளாங்கண்ணி மாதா கோயிலை நோக்கித் தெற்கே போகும்போது ஒரு பாட்டி வழிமறித்தார். "பைரவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தொட்டுக் கும்பிட வேண்டுமாம். பைரவரின் வாகனத்திடம் முன்அனுமதி கேட்க வேண்டும் என்று ஒரு பக்தைக்கு எப்படி விளக்குவது? "பாட்டி, அங்கிருந்தே கும்பிட்டுக்கங்க, அவன் ஏத்துக்குவான்" என்றார் அக்கா. பாட்டிக்கு முழுத் திருப்தி.

மேலை நாடுகளில், தொட வேண்டாம் என்பதற்கு அடையாளமாக நாயின் கயிற்றில் மஞ்சள் நாடா கட்டும் வழக்கம் உண்டு. அக்காவும் கட்டிப் பார்த்திருக்கிறார். "என்ன வேண்டுதல்?" என்று விசாரித்தார்களே தவிர ஒருவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஹார்னஸில் 'தொடாதீர்கள்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். படிக்கிறவர்கள் படிக்கிறார்கள்.

அதைப் படித்தும் நிற்காதவர் ஒருவர் வந்தார். "எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு. நாய்ங்க என்னை ஒண்ணும் பண்ணாது" என்றபடி குனிந்து நேரே தலைக்குக் கை நீட்டினார். பயப்படுகிறவர்களைவிட இந்த நாய்ப் பிரியர்களால்தான் எனக்கு நெஞ்சு படபடத்தது. அக்கா உள்ளங்கையை விரித்துப் போக்குவரத்துக் காவலரைப்போல் நீட்டினார். "வேண்டாம் சார். உங்க நாய் வேற, இது வேற." அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பொது இடத்துக்கு ஏன் இதையெல்லாம் கொண்டுவருகிறீர்கள் என்று ஆரம்பித்தார். அக்கா வாதாடவில்லை, நடந்துவிட்டார்.

அவர் கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. நாய் கடித்துவிட்டால், அவராகத்தான் வந்து தொட்டார் என்று சொல்லிவிட்டு நாம் எளிதில் நழுவிவிட முடியாது. தன்னிடமுள்ள விலங்கால் மற்றவர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் தக்க கவனம் எடுக்காதவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்கிறது. அக்கா தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து செல்பேசியில் வைத்திருக்கிறார். நகம் கீறினாலும் பல் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்து, ஆளை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாகத்தான் அவர் ஏற்பாடு. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று அந்த இடத்தில் சமாதானம் சொல்லக் கூடாது என்பதில் அவர் கறார்.

மாதா கோயிலுக்கு அருகில் வந்த அப்பாவும் மகளும்தான் அன்றைக்குப் பெரிய சோதனை. பெண்ணுக்கு ஐந்து வயது இருக்கலாம். அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அவர் அவளை முன்னால் தள்ளினார். "தொட்டுப் பாரு பாப்பா, ஒண்ணும் பண்ணாது. பயம் போகட்டும்." ஒண்ணும் பண்ணாது என்று சொன்னது நாயை அன்றுதான் முதன்முதலில் பார்த்தவர்!

அந்த உயரக் குழந்தையின் முகம் சரியாக நாயின் வாய்க்கு நேரே இருக்கிறது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவுக்குள் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறிய பிறகு, சென்னையில் நாய் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இது தூக்கத்திலும் நினைவிருக்க வேண்டும். அக்கா முத்துவை என்னிடம் கொடுத்து நாலைந்து அடி தள்ளிப் போகச் சொன்னார். பிறகு குழந்தை முன் உட்கார்ந்தார்.

"உனக்குத் தொடணுமாம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"சரி, தொட வேண்டாம். தெரு நாய் பக்கத்துல வந்தா என்ன பண்ணுவே? ஓடக் கூடாது. மரம் மாதிரி நிக்கணும். கையை மடக்கிக்கோ, உன் கால் விரலைப் பாரு." அவள் நின்று காட்டினாள். சாலையோரத்தில் ஒரு குட்டி மரம். அப்பாவுக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. "என் நாய் உங்க பொண்ணுக்கு மருந்து இல்லீங்க" என்று அக்கா சொன்னபோது குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தடித்தது. நான் அவர் பக்கம்தான். பயந்த குழந்தையை, தயங்குகிற நாய்மேல் தள்ளினால் இரண்டுக்கும் பயம் கூடும்.

திரும்பும் வழியில் ஒரு லாப்ரடார்க்காரரைச் சந்தித்தோம். அவருக்குச் சிக்கல் தலைகீழ்: அவருடைய நாய்தான் ஊரையே தொடப் போகிறது. முப்பது கிலோ நாய் பாசத்தில் தாவினாலும் வயதானவர் கீழே விழுந்தால் எலும்பு முறியும். நாய் உட்கார்ந்தால்தான் யாரும் தடவலாம், எழுந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார். நாய் அதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. தாவும்போதும் கொஞ்சிக்கொண்டே நிற்கிற மனிதர்களிடம்தான் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறதாம். அதற்குள் யாரோ பொட்டலத்திலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்ட, மணலில் படுத்திருந்த தெரு நாய்கள் நாலும் எழுந்து வந்தன. பேச்சை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள்.

மணி ஏழு. சாலையில் கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. அக்கா கடற்கரையை விட்டு உள்தெருவுக்குள் திரும்பிவிட்டார். ஏழுக்கு மேல் அங்கே நிற்பதில்லை, ஞாயிறு மாலையில் அந்தப் பக்கமே வருவதில்லை என்றார்.