கறுப்பு மணலும் உன் பாடமும்

இறக்கக்கண்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் கிழமை கடல் சரியில்லாததால் அப்பாவின் வள்ளம் கரையில்தான் கிடக்கிறது.

வெப்ப இயக்கவியல் வெறும் வகையீட்டுக் கணக்காகத் தெரிகிறது, தாக்க வேகம் அதோடு ஒட்டாத வேறொரு பாடமாக நிற்கிறது, இரண்டும் எதற்கென்றே விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருள் விஞ்ஞானத் துறையை நீயாகவே விரும்பி எடுத்தாய். அந்த விருப்பம் இந்த இரண்டு பாடங்களில் உடைந்துபோக நான் விடமாட்டேன்.

உதாரணத்துக்கு எங்கள் கரையோரப் புல்மோட்டைக் கறுப்பு மணலை எடுத்துக்கொள். அதில் கூடுதலாக இருப்பது இல்மனைட். இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன் மூன்றும் ஒரே பளிங்கில் கட்டுண்டு கிடக்கின்றன. சூத்திரப்படி நிறையில் ஏறத்தாழ 53 சதவீதம் டைட்டேனியம் ஈரொட்சைட்டு. இரும்பைக் கழற்றிவிட்டு டைட்டேனியத்தை மட்டும் எப்படி எடுப்பாய்? எதைச் சூடாக்குவது, எதைச் சேர்ப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு சோதித்துப் பார்க்க ஒரு ஆயுள் போதாது. ஒட்சைட்டுகளின் கிப்ஸ் சக்தியை வெப்பநிலைக்கு எதிரே கோடுகளாக 1944 இல் எலிங்ஹாம் வரைந்த வரைபடம் அதை ஒரே தாளில் சொல்லிவிடுகிறது. ஒரு மூல் ஒட்சிசனுக்கு என்று கணக்கிட்டால், அறை வெப்பநிலையில் இரும்பு ஒட்சைட்டின் கிப்ஸ் சக்தி ஏறத்தாழ மறை 495 கிலோயூல். டைட்டேனியம் ஈரொட்சைட்டுக்கு மறை 889. காபன் எரிந்து காபனோரொட்சைட்டாகும்போது வாயு மூல்கள் கூடுகின்றன, எந்திரப்பி ஏறுகிறது. ஆகவே வெப்பநிலை ஏற ஏற அதன் கோடு கீழே இறங்கும். இரும்பின் கோட்டை அது கடந்த பிறகும் டைட்டேனியத்தின் கோடு வெகு ஆழத்தில் கிடக்கிறது. அந்த இடைவெளிதான் தொழிற்சாலை. மேற்கு அவுஸ்திரேலியாவில் இல்மனைட்டை நிலக்கரியோடு சுழல் உலையில் 1100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி இரும்பை மட்டும் உலோகமாக்குகிறார்கள். பிறகு அமோனியம் குளோரைட்டுக் கரைசலில் காற்றூதி, அந்த இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்துப் பிரிக்கிறார்கள். பெக்கர் முறை என்பது இதுதான். நாங்கள் எதிரியாகப் பார்க்கும் துருவை வேலைக்கு வைத்திருக்கும் இந்த யோசனை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இந்த மணலை எடுக்க 1957 இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் தொடங்கியது. அன்று தொட்டு எங்கள் இல்மனைட் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. இது எனக்குக் கவலைதான். இதைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் பலர். அந்த வரைபடத்தை விரித்து வைத்துக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

இனி மற்றப் பாடம். டைட்டேனியத்தின் அந்த மறை 889 ஐ மட்டும் நம்பினால், அந்த உலோகம் காற்றுப்பட்ட உடனே முழுதும் ஒட்சைட்டாக மாறிவிட வேண்டும். மாறுவதில்லை, கடல்நீரில் கிடந்தும் பளபளக்கிறது. சில நனோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுப் படலம் உடனே மூடிக்கொள்கிறது, அதைத் தாண்டி ஒட்சிசன் மிக மிக மெல்லத்தான் போகமுடியும். கிப்ஸ் சக்தி போகும் திசையைச் சொல்கிறது, போய்ச்சேரும் காலத்தைப் பற்றி அதற்குப் பேச்சே இல்லை. காலத்தைச் சொல்ல ஏவற்சக்தியும் பரவலும் வேண்டும். ஆகவே இரண்டையும் இரண்டு கொப்பியில் எழுதாதே. ஒரே தாக்கத்தை ஒரே பக்கத்தில் இரு முறை கேள்: போக விரும்புகிறதா? போய்ச்சேர எவ்வளவு காலம்?

எங்கள் களப்பின் மேலுள்ள பாலத்தையே பார். கொங்கிறீற்றின் காரத்தன்மை உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிக்கு ஒரு காப்புப் படலம் தருகிறது. உப்புக் காற்றின் குளோரைட்டு மெல்ல மெல்ல உள்ளே பரவிக் கம்பியை அடைந்தால் அந்தப் படலம் உடையும். 1855 இல் பிக் தந்த பரவல் விதியின்படி தூரம், காலத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. கம்பிக்கு மேலுள்ள 25 மில்லிமீற்றர் மூடலை 50 ஆக்கினால், குளோரைட்டு வந்துசேர இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் எடுக்கும். கடற்கரையில் கட்டுபவன் ஒரு அங்குலத்தைக் குறைக்கிறபோது எத்தனை வருடத்தைக் குறைக்கிறான் என்று இனி உனக்குத் தெரியும். எங்களைப்போல உப்போடு வாழும் ஊருக்கு இந்த அறிவு மிக வேண்டியது.

பரீட்சைக்கு ஆரீனியஸ் கணக்குகளை முதலில் செய். வெப்பநிலையைக் கெல்வினில் போடு. வேக மாறிலியின் மடக்கையை எடுத்து, வெப்பநிலையின் நிகர்மாற்றுக்கு எதிரே வரைந்தால் சரிவிலிருந்து ஏவற்சக்தி வரும். ஆங்கிலத்தில் விரிவுரை வேகமாகப் போனால், அன்றிரவே உயர்தரத்தில் படித்த தமிழில் ஒரு முறை உனக்கே சொல்லிப் பார். அவத்தை வரைபடத்தில் நெம்புகோல் விதியும் இடித்தால், எங்கே என்று எழுது, வரைந்து அனுப்புகிறேன்.

அம்மா கருவாடும் பனங்கட்டியும் கட்டி வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் வரும், போய் எடுத்துக்கொள். அறைப் பெடியன்களுக்கும் குடு.

அன்புடன்,
அக்கா