700 டாலர் யோசனை

யோசனை சொல்வதற்குக் காசு செலவில்லை என்பதால்தான் நம்மில் பலர் அதைத் தாராளமாகச் செய்கிறோம். நானும் என் ஆயுளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ யோசனைகள் சொல்லியிருக்கிறேன். கல்யாணம், வீடு கட்டுவது, பல் பிடுங்குவது, நாவலுக்குத் தலைப்பு வைப்பது, எதையும் விட்டதில்லை. கேட்டவர்கள் யாரும் அவற்றைப் பின்பற்றுவதில்லையாதலால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஒரே ஒரு யோசனையை மட்டும் என் தம்பி அப்படியே ஏற்றுக்கொண்டு நிறைவேற்றிவிட்டான். அதற்குப் பிடித்த செலவு 700 டாலர்.

1993-ஆம் வருஷக் கடைசியில் மூன்று மாத காலம் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில், தம்பியின் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வருஷம் அவர்களுக்கு நல்ல வருஷம் அல்ல. தம்பிக்கு வேலை போய், ஆறு மாதம் கையைப் பிசைந்துகொண்டிருந்து, பிறகு வேறோர் ஊரில் வேலை கிடைத்திருந்தது. வீடு மாறி, பள்ளிக்கூடம் மாறி வந்திருந்தார்கள். அவன் பிள்ளை ரகுவுக்கு அப்போது 11 வயது. பழைய ஊரின் சிநேகிதர்களெல்லாம் பழைய ஊரிலேயே தங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையன் ஜன்னலண்டை போய் நிற்பான். எதிர்வீட்டில் நாலைந்து பையன்கள் கூடுவார்கள், உள்ளே போவார்கள், கதவு சாத்திக்கொள்ளும். இவன் கண்ணாடியில் மூச்சுவிட்டு, அந்த ஆவியில் விரலால் எதையாவது எழுதிக்கொண்டிருப்பான்.

வேலையில்லாத ஆறு மாதமும் பையன் கேட்ட எதையும் வாங்கித் தர முடியவில்லையே என்பது தம்பிக்கு உள்ளூர முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. புது வேலையில் சம்பளம் கைக்கு வந்ததும், "உனக்கு என்னடா வேண்டும், கேள்!" என்றான். பையன் கேட்டது வீடியோ விளையாட்டுப் பெட்டி. அதுவும் இன்ன பெட்டி என்று பெயர் சொல்லியே கேட்டான். எதிர்வீட்டுப் பையன்களிடம் இருந்த அதே நின்டென்டோ பெட்டி. 200 டாலருக்கும் குறைந்த விலைதான்.

கடைக்கு நானும் போனேன். அங்கே அப்போதுதான் வந்திறங்கியிருந்த புதுப் பெட்டி ஒன்றைத் தனி மேடை போட்டு வைத்திருந்தார்கள். பானசோனிக் செய்த த்ரீ டி.ஓ. பெட்டி. அக்டோபரில்தான் விற்பனைக்கு வந்தது. திரையில் கார் ஒன்று பறந்தது. நிஜக் காரைப் போலவே பளபளத்தது. விலைச் சீட்டில் 699 டாலர் 99 சென்ட் என்று போட்டிருந்தது. கடைசிக் காசைக் குறைத்துப் போட்டு ஆளை ஏமாற்றும் சாமர்த்தியத்தை நம் ஊர்ச் செருப்புக் கடைகளிலேயே பார்த்துப் பழகியவனாதலால் நான் அதை 700 என்றே படித்தேன். அந்நாளைய கணக்கில் ஏறக்குறைய 22,000 ரூபாய். அதுவரை என்னுடைய எந்த நாவலும் எனக்கு அந்தத் தொகையைத் தந்ததில்லை.

தம்பி அந்தக் காரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ என்ன சொல்றே, அண்ணா?"

எனக்கு விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டுவிட்டானே! "வாங்கறதானால் உயர்ந்ததா வாங்கிடு. காரணம் இல்லாமலா இத்தனை விலை வைச்சிருப்பான்? மலிவைத் தேடினவன் ரெண்டு தடவை வாங்குவான்" என்றேன். எங்கள் அப்பா வேஷ்டி வாங்கும்போது சொல்லும் வசனம் அது. வேஷ்டிக்கு அது சரிதான்.

ரகு ஒரு நிமிஷம் அப்பாவின் முகத்தையே பார்த்தான். பிறகு, "இதுவே நல்லாயிருக்கு, அப்பா" என்றான்.

பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அற்புதமான பெட்டி. எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு நாள் சாயங்காலம் வந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். என் தம்பி மனைவி அவர்களுக்கு முறுக்குக் கொடுத்தாள். மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை. காரணத்தைப் பிறகு பையனே எனக்கு விளக்கினான். அவர்கள் கூடுவது வெறுமே விளையாடுவதற்கு மட்டும் அல்ல. ஆளுக்கு நாலு விளையாட்டு வைத்திருப்பார்கள். ஒருவனுடையதை மற்றவன் வாங்கிக்கொண்டு போவான். திங்கட்கிழமை திருப்பித் தருவான். அதிலே சண்டை வரும், சமாதானம் வரும். நாம் சிறு வயதில் பம்பரமும் கோலிக்குண்டும் மாற்றிக்கொண்ட மாதிரி. ரகுவின் பெட்டிக்குள் அவர்களுடைய விளையாட்டுகள் போகாது; இவனுடையது அவர்கள் பெட்டிக்குள் நுழையாது. போதாக்குறைக்கு, இவனிடம் இருந்ததே பெட்டியோடு இனாமாக வந்த அந்தக் கார் பந்தயம் ஒன்றுதான். அந்தப் பெட்டி கடைக்கு வந்த நாளில் அதற்கென்று கிடைத்த விளையாட்டும் அது ஒன்றுதான்.

பையன் மறுபடி ஜன்னலண்டை போய் நின்றான். நான் ஊருக்குத் திரும்பினேன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி எங்கே எது வந்தாலும் படிக்கத் தொடங்கினேன். நாவல் எழுதுகிறவனுக்கு வேண்டாத வேலைதான். ஆனால் படிக்கப் படிக்க, அதுவே ஒரு நாவல் மாதிரி இருந்தது.

கதாநாயகர் டிரிப் ஹாக்கின்ஸ். விஷயம் தெரியாதவர் அல்ல. ஆப்பிள் கம்பெனியில் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்துவிட்டு, 1982-ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனியைத் தொடங்கிப் பெரிதாக வளர்த்தவர். நின்டென்டோவும் ஸேகாவும் தம் பெட்டிக்கு விளையாட்டு எழுதுகிறவர்களிடம் ஒவ்வொரு பிரதிக்கும் பெருந்தொகையைக் கப்பமாக வாங்கிக்கொண்டிருந்ததை அவர் நன்றாக அறிவார். அந்தக் கப்பத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே ஒரு தர்மமான ஏற்பாட்டை அவர் யோசித்தார். பெட்டியின் அமைப்பை அவருடைய கம்பெனி வகுத்துக் கொடுக்கும். பானசோனிக், கோல்ட்ஸ்டார், ஸான்யோ என்று யார் வேண்டுமானாலும் அநுமதி பெற்றுச் செய்து விற்கலாம். விளையாட்டு எழுதுகிறவர்கள் பிரதிக்கு 3 டாலர் கொடுத்தால் போதும். வீடியோ டேப் யந்திரம் பல கம்பெனிகளின் கையால் உலகமெல்லாம் பரவியதல்லவா, அதைப் போல இதுவும் பரவும் என்பது அவருடைய கணக்கு. 'டைம்' பத்திரிகை 1993-ன் சிறந்த பொருள் என்று அதைப் பாராட்டியது. நான் ஏமாந்ததில் எனக்கு நல்ல துணை இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கணக்கு எங்கே பிசகியது? எங்கள் பாட்டி ஒரு கதை சொல்லுவாள். அவள் சிறுமியாக இருந்தபோது தெருவில் தேயிலைக்காரர்கள் வந்து டீ போட்டு இனாமாகக் கொடுப்பார்களாம். வாங்கிக் குடித்தவர்கள் எல்லாரும் ஆயுள் முழுவதும் காசு கொடுத்தார்கள்! விளையாட்டுப் பெட்டி வியாபாரமும் அதே ரகம்தான். பெட்டியை அடக்க விலைக்கோ, அதற்கும் கீழேயோ தள்ளிவிட்டு, பிறகு விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வது. பெட்டி செய்பவனுக்கே அந்தக் கப்பமும் போய்ச் சேர்ந்தால் இது நடக்கும். ஹாக்கின்ஸின் ஏற்பாட்டில் பெட்டி செய்தவன் ஒருவன், கப்பம் வாங்கியவன் மற்றொருவன். பானசோனிக்குக்குப் பெட்டியில் கிடைத்தால்தான் லாபம். பின்னால் வரப்போகிற 3 டாலருக்காக அவர்கள் ஏன் நஷ்டப்பட வேண்டும்? ஆகவேதான் 700 டாலர். அந்த விலையால் பெட்டி விற்கவில்லை. பெட்டி விற்காததால் விளையாட்டு எழுதுவோர் தயங்கினார்கள். விளையாட்டு இல்லாததால் பெட்டி விற்கவில்லை.

விலையை ஒரு வருஷத்துக்குள் குறைத்தார்கள். பிறகு இன்னும் குறைத்தார்கள். நல்ல விளையாட்டுகளும் வந்தன. பிற்காலத்தில் கொடி கட்டிப் பறந்த 'நீட் ஃபார் ஸ்பீட்' கார் பந்தயம் 1994-ல் முதல் முதல் வெளிவந்தது இந்தப் பெட்டியில்தான். ஆனாலும் காலம் தவறிவிட்டது. அடுத்த பெட்டிக்கான உரிமையை 1995-ல் பானசோனிக்கின் தாய்க் கம்பெனி 10 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்தப் பெட்டி எந்த வீட்டுக்கும் வந்து சேரவில்லை. 1996-ல் த்ரீ டி.ஓ. பெட்டி நின்றது. 2003-ல் கம்பெனியும் திவாலாகியது.

இடையில் நடந்த ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. 1995 மே மாதம், லாஸ் ஏஞ்சலீஸில் விளையாட்டு வியாபாரிகளின் பெரிய கண்காட்சி. ஸேகா கம்பெனித் தலைவர் தம் புதுப் பெட்டியின் பெருமைகளையெல்லாம் பேசி, 399 டாலர் என்று விலை சொன்னார். அதே தினம் ஸோனி தன் பிளேஸ்டேஷனைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஸ்டீவ் ரேஸ் என்பவர் மேடை ஏறினார். 299 என்று மட்டும் சொன்னார். இறங்கிப் போய்விட்டார். கொட்டகை அதிர்ந்தது. நம் சபைகளில் இரண்டு மணி நேரம் பேசுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். அந்தப் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது; ஸேகா 2001-ல் பெட்டி செய்வதையே விட்டுவிட்டது.

ஆனால் வெற்றி, மனிதர்களை ஒரு மாதிரியாக மாற்றிவிடுகிறது. அதே ஸோனி 2006 நவம்பரில் மூன்றாவது பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தபோது விலை 499, 599 டாலர் என்று வைத்தார்கள். இதை வாங்குவதற்காகக் கூடுதல் நேரம் வேலை செய்யலாம் என்று ஜனங்களுக்குத் தோன்ற வேண்டும் என்ற பொருளில், அதைப் படைத்த கென் குடராகி முன்னதாகவே பேசியிருந்தார். அதில் ஒரு வேடிக்கை. அந்த விலையிலும் ஒவ்வொரு பெட்டியும் அவர்களுக்கு நஷ்டம்தான்! பெட்டியைப் பிரித்து உள்ளிருந்த சாமான்களுக்கு விலை போட்டுப் பார்த்தவர்கள், 599 டாலர் பெட்டியின் அடக்கமே 800 டாலருக்கு மேல் என்றார்கள். அந்த ஒரு நிதியாண்டில் ஸோனியின் விளையாட்டுப் பிரிவுக்கு 23,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம்.

அப்போது ரகுவுக்கு 24 வயது, கலிபோர்னியாவில் வேலை. கடை வாசல்களில் ராத்திரியெல்லாம் குளிரில் வரிசை நிற்பதைப் பற்றிப் படித்துவிட்டு, "நீயும் நின்றாயா?" என்று கேட்டு எழுதினேன். "இல்லை, பெரியப்பா. இதே பெட்டி 300 டாலருக்கு வரும். அப்போது வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்கு மட்டும் 250 டாலரில் ஒரு நின்டென்டோ வீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்" என்று பதில் வந்தது. கையில் ஒரு கோலைப் பிடித்து வீசினால் திரையில் பந்து உருளுமாம். தம்பியும் அவன் மனைவியும் சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பறையில் பந்து வீசும் போட்டோவும் வந்தது. அந்த வீ பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. ரகு சொன்ன ஜோசியமும் பலித்தது: 2009 செப்டம்பரில் மெலிந்த உருவத்தில் 299 டாலருக்கு மூன்றாவது பிளேஸ்டேஷன் வந்தது. கடைசியில் அதுவும் எட்டரைக் கோடியைத் தாண்டிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, விலை உயர்ந்த பெட்டியும் ஜயித்துவிட்டதே என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜயித்தது 599 டாலர் பெட்டி அல்ல. 299 டாலர் பெட்டி. அது வரையில் மூன்று வருஷம் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்க ஸோனிக்கு வேறு வருமானங்கள் இருந்தன. ஹாக்கின்ஸுக்கு அது இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை பரீட்சையில் மூன்று தடவை தவறலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரே தடவைதான். இன்னொரு வழியும் உண்டு. நியோ ஜியோ என்று 1990-ல் ஒரு பெட்டி வந்தது. பெட்டி 650 டாலர், ஒவ்வொரு விளையாட்டும் 200 டாலர் அளவில்! எல்லாரும் வாங்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. கடைத்தெருக்களில் காசு போட்டு ஆடும் யந்திரத்தின் அதே விளையாட்டை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட சிலர் போதும் என்றிருந்தார்கள். அதற்குப் புது விளையாட்டுகள் 2004 வரை வந்துகொண்டிருந்தன. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்நூறு பிரதி விற்கும் நாவல்களை எழுதியவனுக்கு அது புரியும்.

இந்தப் பழங்கதையெல்லாம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், 2024 டிசம்பரில் ஒரு நாள் காலையில் ரகு கலிபோர்னியாவிலிருந்து பேசியதுதான். இப்போது அவனுக்கே 10 வயதில் ஒரு பெண். ஸோனி அதற்கு முந்தின மாதம் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அப்போது அதன் விலை என்ன தெரியுமா? 699 டாலர் 99 சென்ட். ஒரு சென்ட் மாறவில்லை. 1993-ன் 700 டாலர் இன்றைக்கு 1,500-க்கு மேல் ஆகும். அப்படிப் பார்த்தால் அது அப்போது பாதி விலையாகத்தான் இருந்தது. சாதாரணப் பிளேஸ்டேஷன் 5-ம் கடையில் இருக்கிறது. விளையாட்டுகளும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே நண்பர்களும் பிரிய வேண்டியதில்லை. இந்த 700 டாலர் பெட்டி நிலைத்துவிடும் என்றே எனக்குத் தோன்றியது. அப்படியே அவனிடம் சொன்னேன்.

"அது நிலைக்கட்டும், பெரியப்பா. குழந்தைக்கு வாங்கலாமா?" என்றான்.

நான் ஜாக்கிரதையாக, "பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்ன வைச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டிலே குழந்தையே இல்லை. இவளோட சிநேகிதிகள் மூணு பேர், மூணு ஊரிலே இருக்கிறார்கள். ராத்திரி கூடிக்கொண்டு விளையாடுகிறார்கள். எல்லார்கிட்டயும் நின்டென்டோதான் இருக்கு."

"அப்புறம் என்னை ஏண்டா கேட்கிறே?"

சற்று நேரம் அவன் பேசவில்லை.

"அப்பாதான் இதை வாங்கித் தருவேன்னு பிடிவாதமா இருக்கார். பேத்திக்கு உயர்ந்ததா வாங்கணுமாம். எனக்கு அவள் அழுவாளோன்னு பயமில்லை, பெரியப்பா. 'இதுவே நல்லாயிருக்கு, தாத்தா'ன்னு சொல்லிடுவாளோன்னுதான் பயமாயிருக்கு. நீங்க சொன்னா அப்பா கேட்பார்."

கடியாரத்தைப் பார்த்தேன். இங்கே காலை எட்டரை. நியூ ஜெர்ஸியில் இரவு பத்து. தம்பி இன்னும் தூங்கியிருக்க மாட்டான். அவனுடைய எண்ணை அழுத்தினேன்.