ஒரு கொடி... ஒரு கிளாஸ்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. (எடிட்டர் நம்பிவிட்டார். என் மனைவி நம்புவதற்குக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறாள்.) அப்படிப்பட்டவன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பிரான்ஸ் தேசத்து ஒயின் மாளிகை ஒன்றின் சரித்திரத்தைப் படித்ததற்குக் காரணம், என் சித்தப்பா.

"ஊர் வீட்டுக்குப் பார்ட்டி வந்திருக்குடா. எல்லாரும் சரின்னுட்டா. நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. பூர்வீகச் சொத்தைக் கடைசிவரை கட்டிக் காத்தவர்கள் உலகத்தில் யாராவது உண்டா என்று தேடிக்கொண்டே போனதில் அகப்பட்டதுதான் ஷாட்டோ டிகெம்.

போர்டோ நகரத்துக்குத் தெற்கே ஸோட்டெர்ன் என்ற ஊர்ப்பக்கம், ஒரு குன்றின் மேல் இருக்கிறது. கனத்த மதில், மூலைகளில் கோபுரம் என்று வீடு பாதி, கோட்டை பாதி. அந்தக் காலத்தில் அந்தச் சீமையே இங்கிலாந்து ராஜா வசம் இருந்தது. 1453-ல்தான் பிரெஞ்சு ராஜா கைக்கு வந்தது. இப்படிக் கைமாறும் ஊரில் வீட்டுக்குத் திண்ணையா வைப்பான்? மதில்தான் வைப்பான்!

1593-ல் ஜாக் ஸோவாஜ் என்பவர் ராஜாவிடமிருந்து அனுபவ பாத்தியதை வாங்கிக் குடியேறினார். அவர் வம்சத்துக்கு முழுச் சொந்தமானது 1711-ல். நூறு வருஷத்துக்கு மேல் குத்தகை! நம் வாடகைக் கேஸ்களெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

அந்தக் குடும்பத்துப் பெண் பிரான்ஸுவாஸ் ஜோஸஃபீன். 1785-ல் லூர் ஸாலூஸ் என்ற பெரிய இடத்துப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்றே வருஷம். குதிரையிலிருந்து விழுந்து அவர் போய்ச் சேர்ந்தார். அப்போது அவளுக்கு வயசு 20. அடுத்த வருஷம் பிரெஞ்சுப் புரட்சி. பிரபுக்கள் கழுத்தெல்லாம் கத்திக்கு அடியில் போன நேரம். இவளையும் இரண்டு தடவை ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்து, மறுபடி தோட்டத்துக் கணக்கைத் திறந்து உட்கார்ந்தாள். 1826-ல் ஒயின் தயாரிக்க ஒரு கட்டடமே கட்டினாள். 1851-ல் சாகிறவரை, 63 வருஷம், நிர்வாகம் அவளுடையது.

இனிமேல்தான் விஷயம். அந்தத் தோட்டத்தில் திராட்சை பழுத்தால் பறிக்க மாட்டார்கள். அழுக விடுவார்கள்!

பக்கத்தில் ஸிரோன் என்று ஒரு சிற்றாறு. குளிர்ந்த தண்ணீர். அது வெதுவெதுப்பான கரோன் நதியில் போய்ச் சேருகிற இடத்தில், இலையுதிர் காலத்துக் காலை வேளைகளில் மூடுபனி எழும்புகிறது. அந்த ஈரத்தில் 'பாட்ரைடிஸ்' என்றொரு பூஞ்சை திராட்சையைப் பிடிக்கும். மத்தியானம் வெயில் வந்து காய வைக்கும். தோல் சுருங்கி, தண்ணீர் வற்றி, பழத்துக்குள் தித்திப்பு மட்டும் கெட்டிப்பட்டு நிற்கும். ஆட்கள் அதே கொடிக்குத் திரும்பத் திரும்ப வந்து, பதமாக அழுகினதை மட்டும் பொறுக்குகிறார்கள். கடைசியில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும்.

நான் பி.காம். சரக்கு அழுகினால் 'அப்நார்மல் லாஸ்' என்று எழுதி நஷ்டக் கணக்கில் தள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே நஷ்டத்தைத்தான் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்! அமெரிக்காவின் ஜெஃபர்ஸன் 1790-ல் ஜனாதிபதி வாஷிங்டனுக்காக 30 டஜன் பாட்டில் வரவழைத்தார். 1855-ல் போர்டோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது, ஸோட்டெர்ன் பகுதியில் இந்த ஒன்றுக்கு மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தனிப் படி. அந்த அம்மாள் இருந்து பார்க்கவில்லை, பாவம். அவள் காலத்தில் போட்ட 1811-ம் வருஷத்து பாட்டில் ஒன்று 2011-ல் லண்டனில் 75,000 பவுனுக்கு விலைபோயிற்று.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது வேறு. பூஞ்சை சரியாகப் பிடிக்காத வருஷம் அந்தப் பெயரில் ஒயினே கிடையாது. 1951, 1952, 1964, 1972, 1974, 1992... ஒரு பாட்டிலில்கூட லேபிள் ஒட்டவில்லை. வருஷம் முழுக்கக் கூலி கொடுத்துவிட்டு, "சரியில்லை, வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

இத்தனை கட்டிக் காத்த குடும்பம் கடைசியில் என்ன ஆயிற்று?

பங்குச் சண்டை. நிர்வாகம் தம்பியிடம், பெரிய பங்கு அண்ணனிடம். 1996-ல் அண்ணனும் மற்ற உறவுக்காரர்களும் எல்விஎம்எச் என்ற பெரிய கம்பெனிக்குப் பங்கை விற்றுவிட்டார்கள். தம்பி அலெக்ஸாண்டர் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தார். 1999-ல் ராஜியாகிவிட்டார். 1593 முதல் போட்ட கணக்கு, நானூறு வருஷம் சொச்சத்தில் முடிந்தது. 'சித்தப்பா எல்லா ஊரிலும் இருக்கிறார்' என்று புஸ்தகத்தை மூடப் போனேன்.

அடுத்த பாராவில் 2012 என்று இருந்தது. அந்த வருஷமும் பருவம் சரியில்லை. லாப நஷ்டம் பார்க்கிற புது முதலாளி என்ன செய்தார் தெரியுமா? "இந்த வருஷம் டிகெம் இல்லை" என்று அறிவித்துவிட்டார்!

எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. பங்குனியில் பெரிய ஜாடியில் மாவடு போட்டு அத்தனை பேர் வீட்டுக்கும் அனுப்புவாள். ஒரு வருஷம் வடு கொழகொழவென்று போயிற்று. அத்தைகள் கேட்டும் ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. "இதைக் கொடுத்தா அடுத்த வருஷத்து நல்லதையும் நம்பமாட்டா" என்று கொல்லையில் கொட்டிவிட்டாள்.

சித்தப்பாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவருக்கும் பெண் கல்யாணம் இருக்கிறது. வீட்டிலிருந்து ஜாடியை மட்டும் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "சூதானம், உடைஞ்சுடப் போறது" என்று கண்டக்டர்கூடக் கவலைப்பட்டார்.

பங்குனியில் என் மனைவி அதில் வடு போட்டாள். பதினைந்தாம் நாள் எதிர்வீட்டு மாமி கிண்ணத்தோடு வந்தார். இவள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"இந்த வருஷம் இல்லை மாமி. பதமா வரலை."

உள்ளேயிருந்து நான் கை தட்டியது எதற்கென்று இரண்டு பேருக்கும் இன்றுவரை புரியவில்லை.